விலையை மறைத்து வைக்கும் வியாபாரம்

சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்தில் இருந்த நண்பர் தனது கைத்தொலைபேசியை என் பக்கம் நீட்டி, "காக்கா, இந்தப் பாயைப் பாருங்க" என்றார். பேஸ்புக்கில் ஒரு சகோதரி போட்டிருந்த படம். பன்புல்லில் இழைத்த தொழுகைப் பாய். ஓரத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கோடு. கண்ணுக்குக் குளிர்ச்சியான வேலை. படத்துக்குக் கீழே ஐம்பது பேருக்குக் குறையாமல் "விலை என்ன?" என்று கேட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே பதில்தான்: "இன்பொக்ஸ் பாருங்க."

நண்பருக்கு அந்தப் பாயில் ஆசை. ஆனாலும் இன்பொக்ஸுக்குப் போக அவருக்கு மனமில்லை. "எனக்கு ஒரு விலை சொல்லுவாங்க, டொக்டருக்கு ஒரு விலை சொல்லுவாங்க" என்று சொல்லிவிட்டுக் கைத்தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பாயை இழைத்த பெண்ணுக்கு ஒரு வியாபாரம் போனது. போனது அவருக்குத் தெரியவும் வராது.

கல்முனைப் பக்கம் முப்பது வருடமாகத் துணிக்கடை வைத்திருப்பவன் நான். இணைய வியாபாரம் என்பதை வெகுகாலம் பிள்ளைகளின் விளையாட்டு என்றே நினைத்திருந்தேன். என் தங்கையின் மகள் மருதமுனைக் கைத்தறிச் சாரன், சாரி ஆகியவற்றையும், பன்பாய், பன்பெட்டி வகைகளையும் இணையத்தில் விற்கத் தொடங்கிய பிறகுதான் கிட்ட நின்று பார்க்கக் கிடைத்தது. அதில் எனக்குத் தெரிய வந்ததையும், நான் பிழை விட்டதையும் இந்த வாரம் எழுதுகிறேன். எம்மவர் வீடுகளில் எத்தனையோ பெண் பிள்ளைகள் இன்று இப்படி ஒரு சிறு தொழிலைத் தொடங்கிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு முதல் போடுகிறவர்களும் புத்தி சொல்கிறவர்களும் எங்களைப் போன்ற கடைக்காரர்கள்தான். நாங்கள் சொல்லும் புத்தி எல்லாமே சரியானது அல்ல.

முதலில் விலை விஷயம். மருமகளும் ஆரம்பத்தில் விலையைப் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "போட்டா மற்றவங்க பாத்து அம்பது ரூபா குறைச்சுப் போடுவாங்க மாமா. இன்பொக்ஸுக்கு வந்தா பேசி வாங்க வைக்கலாம்" என்றாள். இந்தப் புத்தியை அவளுக்குக் கொடுத்தது வேறு யாருமல்ல. கடையில் ஆளைப் பார்த்து விலை சொல்லும் எங்கள் பழக்கத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வியாபாரி விலையைப் பார்வையில் படும்படி வைக்க வேண்டும் என்கிறது. அந்தச் சட்டத்துக்காக ஓர் அட்டையை மாட்டிவிட்டு, அதைத் துணிக்கட்டால் மறைத்து வைக்கிற கடைகளும் எமது பட்டினங்களில் இருக்கின்றன. என் கடையிலும் ஒரு காலத்தில் இருந்தது.

கடையில் விலை பேசுவதில் ஒரு நியாயமாவது இருந்தது. வாங்குகிறவர் துணியைத் தொட்டுப் பார்க்கிறார், பக்கத்துக் கடைக்குப் போய் விசாரிக்கிறார், திரும்பி வருகிறார். இரண்டு பக்கமும் பேச இடம் இருக்கிறது. இணையத்தில் வாங்குகிறவர் கையில் ஒரு படத்தைத் தவிர எதுவும் இல்லை. அவருக்குக் கிடைக்கும் ஒரேயொரு உறுதியான செய்தி விலைதான். அதையும் ஒளித்துவிட்டால் அவர் எதை நம்பி வருவார்? இரவு பதினொரு மணிக்குப் பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தாய் விலையைப் பார்த்தால் அப்போதே முடிவெடுத்துவிடுவாள். "இன்பொக்ஸ்" என்று கண்டால் அடுத்த படத்துக்குப் போய்விடுவாள்.

விலையைப் போடத் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அது பிறகுதான் வெளியே வந்தது. அவளுக்கே தன் விலை சரியா என்று தெரியாது. இதுதான் பெரிய விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நாள் கணக்குக் கொப்பியைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு சாரனுக்கு நூல் 1,100 ரூபா. சாயமும் பாவு ஓட்டும் செலவில் அதன் பங்கும் சேர்த்து 250. நெசவுக் கூலி 800. மொத்தம் 2,150. அவள் விற்றது 2,650 ரூபாவுக்கு. "ஒரு சாரனுக்கு ஐந்நூறு ரூபா லாபம் மாமா" என்று முகம் மலர்ந்து சொன்னாள். மாதத்துக்கு நாற்பது சாரன் போகிறது. அப்படியென்றால் கையில் இருபதாயிரம் இருக்க வேண்டுமே, எங்கே என்று கேட்டேன். இல்லை. அடுத்த பாவுக்கு நூல் எடுக்க உம்மாவிடம் கடன் கேட்டிருக்கிறாள்.

உட்கார்ந்து எழுதினோம். மூட்டுத் தைத்து, மடித்து, அடையாளத் துண்டு வைப்பதற்கு 80. பெட்டியும் பையும் 90. விளம்பரத்துக்கு டொலரில் கட்டிய காசையும் டேட்டாவையும் விற்ற சாரன்களின் எண்ணிக்கையால் பிரித்தால் ஒன்றுக்கு 200. "டெலிவரி இலவசம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாள், கூரியர்காரருக்குக் கட்டியது 400. எல்லாம் கூட்டினால் 2,920. விற்ற விலையோ 2,650. ஒவ்வொரு சாரனையும் 270 ரூபா கையிலிருந்து கொடுத்து விற்றிருக்கிறாள். இதில் அவளுடைய சொந்த உழைப்புக்கு ஒரு சதமும் இல்லை. படம் எடுப்பதும், பதில் எழுதுவதும், பொதி கட்டுவதும் அவள்தான். ஓடர் கூடக் கூட நட்டமும் கூடிக்கொண்டே போயிருக்கிறது. நல்ல வேளை, அவள் அதிகம் விற்கவில்லை!

நாங்கள் கடைக்காரர்கள் இந்தப் பிழையை அவ்வளவாக விடுவதில்லை. கடை வாடகையும் மின்சாரக் கட்டணமும் மாதா மாதம் கழுத்தைப் பிடிப்பதால் கணக்கில் வந்துவிடும். வீட்டில் நடக்கும் தொழிலில் வீடும் இலவசம், வெளிச்சமும் இலவசம், வேலைக்காரியும் இலவசம் என்று ஆகிவிடுகிறது. அந்த வேலைக்காரி வீட்டுப் பெண்தான்.

அடுத்ததாக வருவது கூலி. விலை கட்டவில்லை என்றதும் என் வாயிலிருந்து முதலில் வந்த யோசனை என்ன தெரியுமா? "நெசவுக் கூலியில் நூறு ரூபா குறைத்துப் பாரு மகள்." முப்பது வருட அனுபவம் பேசியது! ஒரு சாரனுக்கு 800 ரூபா. ஒரு நாளில் இரண்டு நெய்தால் 1,600. கால் வலிக்க, தோள் வலிக்க, காலை முதல் அஸர் வரை தறிக்குழியில் இருக்கும் பெண்ணின் கூலி அது. அதில் நூறைக் குறை என்று, விசிறிக்குக் கீழே இருந்துகொண்டு நான் சொல்கிறேன். கூலியைப் பற்றிய ஹதீஸைக் குத்பாவில் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! கேட்டுவிட்டு வந்து கூலியில்தான் கை வைக்கிறோம்.

மருதமுனைத் தறியின் கதை இந்தப் பகுதி வாசகர்களுக்குத் தெரியும். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்து, வெளிநாட்டு மலிவுத் துணி குவிந்தபோது எத்தனையோ தறி நின்றது. யுத்த காலத்தில் நூல் வருவதும் சாமான் போவதும் பாடாகியது. 2004 டிசெம்பர் 26 இல் கடல் வந்து தறியோடு வீட்டையும் ஆட்களையும் அள்ளிக்கொண்டு போனது. 2022 இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபது வரை ஏறியபோது, இறக்குமதி நூலை நம்பியிருந்தவர்கள் மறுபடியும் விழுந்தார்கள். இத்தனைக்கும் பிறகு இன்னும் தறியில் இருப்பவர்களைத் தறியை விட்டு எழுப்புவதற்குப் பெரிய அழிவு ஒன்றும் தேவையில்லை. நாங்கள் குறைக்கும் அந்த நூறு ரூபாவே போதும். பிள்ளையை ஆடைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவார்கள், அல்லது மத்திய கிழக்குக்குக் கடவுச்சீட்டு எடுப்பார்கள்.

கடைசியில் கூலியைக் குறைக்கவில்லை. விலையை 3,300 ஆக்கினோம். டெலிவரி 400 தனியாக. "இலவசம்" என்ற சொல்லை எடுத்துவிட்டோம், ஏனெனில் அது உண்மையில்லை. விலையைப் படத்தின் மேலேயே போட்டாள். முதல் இரண்டு வாரம் ஓடர் பாதியாகக் குறைந்தது. என் மனதுக்குள் "சொன்னேனே" என்று ஒரு குரல். புறக்கோட்டையில் 1,500 ரூபாவுக்குச் சாரன் கிடைக்கிறதே என்று ஒருவர் எல்லோரும் பார்க்க எழுதியிருந்தார். மருமகள் சண்டைக்குப் போகவில்லை. "கிடைக்கும் நானா, அது மெஷின் தறி. நல்ல சாமானும் இருக்கு. இது கையால நெய்தது. நூல் செலவு இவ்வளவு, நெசவுக் கூலி இவ்வளவு" என்று கணக்கையே எழுதிவிட்டாள். அந்தப் பதிலைப் பலர் படித்தார்கள் என்பது பிறகு வந்த ஓடர்களில் தெரிந்தது. கணக்கை வெளியில் சொல்லும் தைரியம் எனக்கு ஒரு நாளும் வந்ததில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விளம்பரம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு காசு கட்ட வேண்டும், எந்த நேரத்தில் போட வேண்டும் என்று. என் அபிப்பிராயம், கைப்பணிப் பொருளுக்கு விளம்பரம் என்பது முக்கால்வாசி வர்ணனைதான். மருமகள் முதலில் இரவு வெளிச்சத்தில் படம் எடுத்தாள். நீலச் சாரன் ஊதா நிறமாக விழுந்தது. வாங்கியவர் திருப்பி அனுப்பினார், அனுப்பியது நியாயம். இப்போது காலையில் விறாந்தை நிழலில், வெயில் நேரே விழாத இடத்தில் எடுக்கிறாள். பக்கத்தில் ஓர் அடிமட்டம். நிறத்தைக் கூட்டிக் காட்டும் சோடனை எதுவும் செய்வதில்லை. நீளம், அகலம், எடை, எந்தச் சோப்பில் கழுவுவது, முதல் கழுவலில் சாயம் கொஞ்சம் விடும் என்பது, ஒரு சாயத் தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் நிறம் கொஞ்சம் பிசகும் என்பது, எல்லாம் எழுதுகிறாள். "குறையை ஏன் நாமே சொல்ல வேணும்?" என்று கேட்ட உறவினர்கள் உண்டு. தானியக் குவியலுக்குள் கையை விட்டு, ஈரத்தை ஏன் உள்ளே மறைத்தாய் என்று நபி (ஸல்) அவர்கள் ஒரு வியாபாரியிடம் கேட்ட சம்பவத்தைச் சின்ன மதரஸாப் பிள்ளைக்கும் தெரியும். இணையத்தில் குவியலுக்குள் கை விட யாராலும் முடியாது. அதனால் ஈரத்தை விற்கிறவரே மேலே எடுத்து வைக்க வேண்டியிருக்கிறது.

ஈரம் என்றதும் நினைவு வருகிறது. ஒரு மாரி காலத்தில் பன்பாயை நன்றாகப் பொலித்தீனில் சுற்றி, காற்றுப் புகாமல் ஒட்டி மலைநாட்டுப் பக்கம் அனுப்பினோம். போய்ச் சேர்ந்தபோது பாயில் பூஞ்சணம். பன் ஈரத்தை உறிஞ்சும். அதை அப்படி மூடினால் உள்ளேயே வியர்த்துவிடும். இப்போது வெயிலில் காய வைத்து, கடதாசியில் சுற்றி, அதற்கு மேல்தான் பொலித்தீன். மழை விடாத வாரங்களில் பாய் அனுப்புவதே இல்லை என்று பக்கத்தில் எழுதிப் போடுகிறாள்.

பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறை எமது நாட்டில் ஊறிப்போய்விட்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஏமாந்தவர்கள் அதிகம் என்பதால் வந்த பழக்கம். ஆனால் அந்த முறையில் விற்கும் சிறு வியாபாரியின் பாடு என்ன? பத்துப் பொதி அனுப்பினால் இரண்டு திரும்பி வருகிறது. "வீட்டுக்காரர் வேணாமென்றார்", "ஊரில் இல்லை", சில நேரம் தொலைபேசியே எடுப்பதில்லை. இது விளையாட்டாக ஓடர் போடுகிறவர்களுக்கான செய்தியும்கூட. வாக்குக் கொடுத்துவிட்டுப் பொதியைத் திருப்புவதும் ஒரு நட்டம் செய்வதுதான், அதைத் தாங்குவது ஒரு நெசவாளர் குடும்பம். மருமகள் இதற்குக் கண்ட வழி எளியது. அனுப்ப முன் ஒருமுறை அழைத்துப் பேசுவாள். முன்பணம் வங்கியில் போடுகிறவருக்கு டெலிவரியில் நூறு ரூபா குறைவு. 2015 இல் வங்கிகளுக்கிடையில் உடனடியாகப் பணம் மாற்றும் முறை வந்தபின் இது ஒரு நிமிட வேலை. கடையில் வைத்து விற்பதற்கு லங்கா கியூஆர் அட்டை ஒன்றும் எடுத்திருக்கிறாள். சொல்லி நெய்விக்கும் சாரிக்கு மட்டும் முழுக் காசும் முன்கூட்டியே. அளவு, நிறம், கொடுக்கும் திகதி எல்லாம் எழுத்தில். இது எமது மார்க்கத்தில் ஸலம் என்று அறியப்பட்ட பழைய கொடுக்கல் வாங்கலுக்கு நெருங்கியது. அதன் நிபந்தனைகளை உங்கள் ஊர் உலமாக்களிடம் சரியாகக் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

2023 நோன்பு. முந்திய வருடம் வரிசைகளில் நின்று களைத்த நாடு கொஞ்சம் மூச்சு விட்டிருந்த நேரம். பெருநாளைக்கு மருமகளுக்கு 85 சாரன் ஓடர். வழக்கமாக நெய்கிற மூன்று வீடுகளிலும் நோன்பு காலத்தில் நாளைக்கு ஒன்றுதான் நெய்ய முடியும். அதற்குள் நூல் பத்து நாள் பிந்தியது. பெருநாளைக்கு எட்டு நாள் இருக்கும்போது கணக்குப் பார்த்தால் 52 தான் தேறும். 33 பேருக்கு இல்லை. காசு பலர் போட்டுவிட்டார்கள்.

தராவீஹ் முடிந்து வந்து அவளிடம் சொன்னேன். என் கடையில் இந்தியாவிலிருந்து வந்த மெஷின் தறிச் சாரன் இருக்கிறது. அதே கட்டம், ஏறக்குறைய அதே நிறம். மடித்து உன் அடையாளத் துண்டை வைத்தால் முடிந்தது. 3,300 ரூபாச் சாமான் என்றாலும் விலையில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமே என்று ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். "யாருக்குத் தெரியப் போகுது மகள்?" என்று கேட்டேன்.

அவள் சொன்னாள்: "வாங்குறவங்களுக்குத் தெரியாது மாமா. நெய்ற ராத்தாமாருக்குத் தெரியும். அவங்க நெய்யாம அவங்கட பேர்ல சாரன் போனா, நாளைக்கு அவங்க எதுக்கு நெய்யணும்?"

எனக்குக் கோபம் வந்தது. வியாபாரம் தெரியாத பிள்ளை என்று தங்கையிடம் போய்ச் சொன்னேன். அவள் அடுத்த இரண்டு நாளும் 33 பேரையும் ஒவ்வொருவராக அழைத்தாள். 21 பேர் பெருநாளைக்குப் பிறகு எடுக்கச் சம்மதித்தார்கள். 12 பேர் காசைத் திருப்பிக் கேட்டார்கள், அன்றைக்கே போட்டுவிட்டாள். ஒருவர் தொலைபேசியில் ஏசினார். இன்னொருவர் பேஸ்புக்கில் எல்லோரும் பார்க்க "ஏமாற்று வேலை" என்று எழுதினார். அந்தப் பெருநாளைக்கு அவள் புது உடுப்பு எடுக்கவில்லை என்பதை நான் பிறகுதான் அறிந்தேன். நட்டம் நட்டம்தான். அல்லாஹ் அதற்குப் பதிலாக உடனே வாரி வழங்கினான் என்று கதை முடிக்க எனக்கு ஆசை. ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த இரண்டு மாதம் வியாபாரம் மந்தம். அந்த 21 பேரில் பலர் இன்றைக்கும் அவளிடம்தான் எடுக்கிறார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நான் சொன்னதைப் போலச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கைத்தறி என்று மெஷின் தறியையும், பன் என்று பிளாஸ்டிக் நாரில் பின்னியதையும் விற்கிறார்கள். பழுத்த வியாபாரிகளின் பார்வையில் இது ஒரு சின்னத் தந்திரம். ஆனால் கைப்பணிப் பொருளில் விற்கப்படுவதே "கை" என்ற ஒரு சொல்தான். அது பொய்யானால் மிச்சமிருப்பது 1,500 ரூபாச் சாரன். அதைப் புறக்கோட்டை எங்களைவிட நன்றாக விற்கும்.

இன்னொரு விஷயத்தையும் எழுதாமல் விட முடியாது. 2018 மார்ச்சில் கண்டி, திகன வன்செயல்களின்போது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் நாட்டில் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் முடக்கப்பட்டன. 2022 ஏப்ரலில் ஆர்ப்பாட்ட நேரத்திலும் சில மணித்தியாலங்கள். 2019 க்குப் பிறகு எமது கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லிப் பரப்பியதும் இதே ஊடகங்களில்தான். இன்னொருவருடைய சுவரில் கடை போட்டிருக்கிறோம் என்ற எண்ணம் எப்போதும் இருக்க வேண்டும். மருமகள் வாங்குகிறவர்களின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாள். பக்கம் நாளைக்கே மறைந்தாலும் அழைத்துப் பேசலாம். அந்தக் கொப்பியும் அமானிதம். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது என்பதையும் வியாபாரிகள் அறிந்து வைப்பது நல்லது. வாடிக்கையாளர் இலக்கங்களை இன்னொரு கடைக்காரருக்குக் கொடுப்பதை நாம் உதவி என்று நினைக்கிறோம். எனக்கே அந்தக் கொப்பியை ஒரு நாள் இரவல் கேட்கும் எண்ணம் இருந்தது. கேட்கவில்லை.

பெண் பிள்ளை இணையத்தில் வியாபாரம் செய்தால் கண்டவர்களும் செய்தி அனுப்புவார்களே என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். பயம் பொய்யில்லை. இரவில் தேவையில்லாத அழைப்பு வரத்தான் செய்தது. வியாபாரத்துக்கென்று தனி இலக்கம் எடுத்து, இரவு எட்டு மணிக்குப் பிறகு பதில் இல்லை என்று போட்ட பின் வெகுவாகக் குறைந்தது. தன் படத்தை அவள் எங்கும் போடவில்லை, சாரனின் படம் போதும்.

ஆனால் இந்தப் பயத்தைச் சாட்டாக வைத்து நாங்கள் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. தொழில் அவளுடையது, வங்கிக் கணக்கு வாப்பாவின் பெயரில், அல்லது காக்காவின் பெயரில், அல்லது மாப்பிள்ளையின் பெயரில். மருமகளுடைய காசு முதல் ஒன்றரை வருடம் என் கணக்குக்குத்தான் வந்தது. நான் ஒரு சதமும் எடுக்கவில்லை. ஆனாலும் ஒரு தடவை கடைச் சாமானுக்குக் காசோலை கட்ட வேண்டி அதில் நாற்பதாயிரத்தை மூன்று வாரம் புரட்டினேன், கேட்காமல். அவளுக்கு நூல் எடுக்கக் காசு இல்லாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது கொப்பியைப் பார்த்த அன்றுதான் எனக்கு உறைத்தது. மேடைகளில் அன்னை கதீஜா (ரழி) அவர்களின் வியாபாரத்தைப் பற்றி நாங்கள் பேசுகிற பேச்சுக்குக் குறைவில்லை. வங்கிப் புத்தகத்தை மகளின் பெயரில் திறந்து கொடுக்க மட்டும் கை வருவதில்லை. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவது பெரிய வேலை இல்லை. அந்தப் பத்திரத்தை வைத்து வங்கியில் வியாபாரக் கணக்குத் திறக்கலாம். கைப்பணியாளர்கள் தேசிய அருங்கலைகள் பேரவையிலும் பதிவு செய்துகொள்ளலாம். எல்லாம் அவளுடைய பெயரில் இருக்கட்டும். முதல் போட்டவர் என்ற உரிமை வேண்டுமென்றால் பங்கை எழுதி வையுங்கள், இலாபத்திலும் நட்டத்திலும்.

மருமகளின் பதிவு இப்போது அவளுடைய பெயரில் இருக்கிறது. நெசவுக் கூலியைப் போன வருடம் நூறு ரூபா கூட்டினாள், விலையையும் அதற்கேற்பக் கூட்டிக் காரணத்தையும் எழுதிப் போட்டாள். பெருநாளைக்கு எத்தனை ஓடர் எடுப்பது என்பதை இப்போது தறிகளைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறாள். சென்ற பெருநாளைக்கு அறுபதோடு நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் கேட்டவர்களின் பெயரை அடுத்த பாவுக்கென்று கொப்பியில் எழுதி வைத்தாள். அந்தப் பட்டியலில் மூன்றாவதாக என் பெயரும் இருந்தது. மாமா என்று முன்னுக்கு எடுக்க மாட்டாளாம்.